நஜ்ஜார் பெயரில் ஓர் அறை

என் கணவன் நதீம் வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு நாள். தோஹாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மின் பொறியாளர். இரண்டே வருடம் என்று சொல்லிப் போனவன், ஐந்து முடிந்துவிட்டது. இந்த செப்டம்பரோடு அவனுடைய ஒப்பந்தமும் முடிகிறது. அதை நீட்டிக்கப் போகிறானா, பெய்ரூத்துக்கே திரும்பி வந்துவிடப் போகிறானா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால், "நேர்ல பேசலாம் ரிந்தலா" என்பான். நேரில் வந்தால் பேச இடம் இருக்காது.

நிஜமாகவே இடம் இருக்காது. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். வெளிநாட்டிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான் என்றால், நல்லபடியாக வந்து சேர்ந்தாயா என்று கேட்க எல்லாரும் வீடு தேடி வருவார்கள். அவர்கள் வந்துபோனதற்குப் பதிலாக நாங்கள் அவர்கள் வீடுகளுக்குப் போக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அடுத்த ஈஸ்டர் வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். போன மார்ச் மாதம் அவன் வந்தபோது நாங்கள் இருவரும் தனியாக, விழித்திருந்து, பேச முடிந்த நேரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கிடைத்த இருபத்தைந்து நிமிடம்தான். அதில் பாதி நேரம் அவன் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

அதனால் இந்த முறை நான் முன்கூட்டியே திட்டம் போட்டேன். இரண்டு இரவுகள், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு அறை. அறுவடைக் காலம். வாசலில் இரண்டு நாற்காலிகள், ஒரு புட்டி ஒயின், தூரத்தில் மலை. காபி கொண்டுவா என்று கேட்க யாரும் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் முழுவதும், நான் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தக் குப்பிகள் இயந்திரத்தில் சுழன்று முடியக் காத்திருக்கும் நேரத்தில், நான் அந்த இரண்டு நாற்காலிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். சில நாள் அவற்றுக்குப் பச்சை வண்ணம் அடித்தேன், சில நாள் மரநிறமாகவே விட்டுவிட்டேன்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு ஊரில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே விடுதியில் தங்க முடியாது. தங்கினால் அவர்கள் வீட்டைக் கேவலப்படுத்தியதாக ஆகிவிடும். சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்துவைத்து, சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். பத்ரூன் மலைப்பக்கம் நல்ல ஒயின் உண்டு. அங்கே நதீமின் ஒன்றுவிட்ட அண்ணன் இரண்டு பேர். தூமா அழகான ஊர். என் நாத்தனார் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஸஹ்லேயில் மாமியாரின் சித்தி. ஜெஸ்ஸீனில் சொந்தம் யாரும் இல்லை, ஆனால் என் மேலதிகாரிக்கு வீடு இருக்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். நாடே சின்னது. அதில் பேனா பட்டது போக மிஞ்சியது பெக்கா சமவெளியின் மேற்கு ஓரம், அம்மீக் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், ஐன் தவ்க் என்ற சின்ன ஊர் மட்டும்தான். அங்கே ஒரு பண்ணை விடுதி. நான்கு அறைகள், சொந்தத் திராட்சை, செப்டம்பரில் தலைக்கு மேலே நாரைக் கூட்டம் போகுமாம்.

நான் போன் செய்தபோது எடுத்தவள் பெயர் இன்ஆம். விடுதிக்காரி. நல்ல கனத்த குரல்.

"ரெண்டு பேரா? வாங்க, வாங்க. வெள்ளிக்கிழமையா? மலையைப் பாத்த அறை இருக்கு. பேரு சொல்லு கண்ணு."

"ரிந்தலா."

"எந்த வீட்டுப் பொண்ணு?"

இதற்கு நான் தயாராக இருந்தேன். இந்த நாட்டில் பல்பிடுங்கும் டாக்டர்கூட வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார். நதீமின் குடும்பப் பெயரான மஸ்ஸாத் என்பதைச் சொன்னால் எந்த ஊர் மஸ்ஸாத் என்பாள். என் அப்பாவின் பெயரைச் சொன்னால் குரா மாவட்டத்துக்காரர் என்று தெரிந்துவிடும், அங்கே எந்த ஊர் என்பாள். அதனால் என் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைச் சொன்னேன்.

"நஜ்ஜார்."

நஜ்ஜார் என்றால் தச்சன். எல்லா ஊரிலும், எல்லா மதத்திலும் நஜ்ஜார்கள் உண்டு. நூல் பிடித்துப் போய் யாரையும் கண்டுபிடிக்க முடியாத பெயர்.

"எந்த ஊர் நஜ்ஜார்?"

"ஊரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பெய்ரூத்துதான்."

"ஊர் இல்லாத நஜ்ஜாரா?" என்று சிரித்தாள். "சரி, எழுதிக்கிட்டேன். சாப்பாட்டுல எதுவும் ஆகாதுன்னா இப்பவே சொல்லிடு."

ஒரு இரவுக்கான பணத்தை அன்றே முன்பணமாக அனுப்பினேன். அனுப்பி முடித்ததும், பாதிக் காரியம் முடிந்த நிம்மதி.

நதீம் வியாழக்கிழமை வந்திறங்கினான். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சொன்னேன். அடுத்த வெள்ளி, சனி, ஞாயிறு. நாம் இரண்டு பேர் மட்டும். உட்கார்ந்து பேசுகிறோம்.

"நல்ல யோசனைதான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டான்.

"எங்க ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் பயிற்சி, பெக்காவுல. புருஷனையும் கூட்டிட்டு வரலாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லியாச்சு."

"நீயே சொல்லிட்டியா?"

"நீ சொன்னா உளறிடுவே."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அரைமனதாகச் சிரித்தான். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த ஆறு நாட்கள் எப்போதும் போலவே போயின. வருகிறவர்கள் வந்தார்கள். காபி, பிஸ்தா வைத்த பலகாரம், மறுபடி காபி. மின்வெட்டு நேரத்தில் தெருவுக்குக் கரண்ட் விற்கும் கீழ்த்தளத்து ஜெனரேட்டர்காரர்கூட வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். எல்லாரும் நதீமிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எப்ப தம்பி ஒரேயடியா வர்றே?" அவன் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னான்: "கடவுள் விட்ட வழி." நான் தட்டோடு நின்று அதைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை கடவுளை நடுவில் இழுக்க விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது நாள், வியாழன் காலை, ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது என் போன் அடித்தது. இன்ஆம்.

"அடிக் கள்ளி! நஜ்ஜாராம், நஜ்ஜார்! நீ நதீம் மஸ்ஸாத் பொண்டாட்டியாமே?"

என் கையில் இருந்த குப்பியைத் தாங்கியில் வைத்தேன்.

"என் மாமியாரே மஸ்ஸாத் வீட்டுப் பொண்ணுதான்டி! என் புருஷன் தானியோஸும் உன் மாமனாரும் சின்ன வயசுல ஒரே மரத்துல ஏறி ஒரே கிளையிலிருந்து விழுந்தவங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க காசு குடுத்து அறையில படுக்கிறதா? ஊருல நான் தலைகாட்ட முடியுமா? அந்த அறையை ரத்து பண்ணிட்டேன். உன் பணத்தைத் திருப்பி அனுப்பியாச்சு, பாத்துக்கோ. எங்க வீட்டு மாடியில மூணு படுக்கை போட்டாச்சு."

"மூணு எதுக்கு?"

"ஹியாமுக்கும் சேத்துத்தான். உன் மாமியாரைக் கூப்பிட்டு அழைச்சுட்டேன். பாவம், ஏதோ பயிற்சின்னு நினைச்சுக்கிட்டிருந்தா. வெள்ளிக்கிழமை மதியம் ஆடு அடிக்கிறோம். நாங்களே ஒரு இருபது பேர் வருவோம்."

"எங்க பேரு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உன் வீட்டுக்காரன்தான் நேத்து கூப்பிட்டான். எத்தனை மணிக்கு வரலாம்னு கேட்டான். யாருப்பான்னேன். நதீம் மஸ்ஸாத்ன்னான். எந்த ஊர்ன்னேன், சொன்னான். அப்பா பேரைக் கேட்டேன், அதையும் சொன்னான். நான் கேக்காமலே தாத்தா பேரையும் சொன்னான் பாரு, அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. நல்ல பிள்ளை. மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? வீட்டுக்கு வா என்று அழைப்பவளை எதிர்த்துப் பேச எங்களுக்கு வார்த்தையே கிடையாது.

மாலை வீட்டுக்குப் போனபோது நதீம் பால்கனியில் துணிக்கொடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது; அவன் அம்மா கூப்பிட்டிருந்தாள்.

"கேட்டாங்க, சொல்லிட்டேன்" என்றான். "நம்ம ஊருல யார் கேட்டாலும் சொல்லத்தானே செய்வோம்? வாய்ல தானா வந்துடுச்சு."

"வாய்ல தானா வந்துச்சு, சரி. போன் எதுக்குப் போட்டே? நேரமெல்லாம் நான்தான் உனக்குச் சொல்லியிருந்தேனே, ரெண்டு மணின்னு."

"உறுதிப்படுத்திக்கலாம்னு."

"தாத்தா பேரு?"

அவன் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான். "பழக்கம்" என்றான்.

நான் உள்ளே போய் என் பையை அடுக்கினேன். இரண்டு நாளுக்கான துணி, ஒரு தொப்பி, தூரம் நடக்கும் செருப்பு. எதையும் குறைக்கவில்லை.

வெள்ளி காலை மாமியார் ஹியாம் எங்கள் காரில் பின்சீட்டில் ஏறினாள். மடியில் கிப்பே தட்டு. கோதுமைக் குருணையும் கறியும் அரைத்து வைர வடிவத் துண்டுகளாக வெட்டிச் சுட்டது. இருபது பேருக்கு அங்கே ஆடு இருந்தாலும் வெறுங்கையோடு போக அவளுக்கு மனம் வராது.

"பயிற்சி எப்படிப் போச்சு கண்ணு?" என்றாள், கார் மலை ஏறத் தொடங்கியதும்.

"அத்தை..."

"இல்ல, கேட்டேன். இந்தக் காலத்துல நல்ல நல்ல பயிற்சியெல்லாம் குடுக்கிறாங்க. ஒயின் குடிக்கக்கூடச் சொல்லித் தர்றாங்களாம்."

நதீம் சத்தமாகச் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அவளிடம் கோபம் இல்லை. அதுவும் எனக்கு வியப்பாக இருந்தது, ஏனென்றால் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு அவள் பத்து நாள் பேசாமல் இருந்ததுண்டு.

கணவாயில் மூடுபனி. இறங்கியதும் ஷ்தௌராவில் எல்லாரும் நிறுத்துவதுபோல நாங்களும் காரை நிறுத்தினோம். கெட்டித் தயிரும் வெள்ளரியும் வைத்துச் சுருட்டிய ரொட்டி அங்கேதான் வாங்க வேண்டும். நதீம் கதவைத் திறக்கப் போனான்.

"நீ உக்காருடா" என்றாள் அவன் அம்மா. "நான் போய் வாங்கிட்டு வர்றேன். வரிசை பெருசா இருக்கு, நேரமாகும்."

கிப்பே தட்டைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கடை வாசலில் மூன்று பேர்தான் நின்றார்கள்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். எனக்கு இரண்டு நாட்கள் இருந்தன. இப்போது ரொட்டி வாங்கும் நேரம் மட்டும்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "ஆமா."

"எப்ப?"

"ஆகஸ்ட்டுல."

ஆகஸ்டில் நான் நாற்காலிகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை வருஷம்?"

"மூணு. ஆனா மூணு மாசம் முன்னாடி சொல்லிட்டா எப்ப வேணும்னாலும் விட்டுட்டு வரலாம். அந்த ஷரத்து இருக்கு, ரிந்தலா. நான் கேட்டு வாங்கினது."

"அத்தைக்குத் தெரியுமா?"

"போன மாசமே சொல்லிட்டேன். 'முதல்ல அவகிட்டச் சொல்லு'ன்னாங்க."

"அதான் என்கிட்டச் சொல்றதுக்கு இருபது பேரைக் கூட்டினியா?"

எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் திராட்சை ஏற்றிக்கொண்டு போனது. பின்னாலிருந்து சாறு சாலையில் கோடாகச் சொட்டிக்கொண்டே வந்தது.

"ரெண்டு நாள் தனியா உக்காந்தா நீ அழுவேன்னு நினைச்சேன்" என்றான். "அழுதா நான் வேலையை விட்டுடுவேன். விட்டா இங்க என்ன செய்யப்போறேன்னு எனக்குத் தெரியல. அதான் பயம்."

"நான் அழறேனா இப்ப?"

"இல்ல."

"அப்ப பாத்துக்கோ."

மாமியார் ரொட்டிச் சுருள்களோடு வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். ஒரு சுருளை என்னிடம் முதலில் கொடுத்தாள். "உனக்கு ஒலிவ் அதிகம் வைக்கச் சொன்னேன்" என்றாள். ஐன் தவ்க் வரை அந்த ஒலிவ்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தேன்.

விருந்து நன்றாக இருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். கொடிப்பந்தலின் கீழ் நீளமான மேஜை. இன்ஆம் நான் நினைத்ததைவிடக் குள்ளம், கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்து, "ஊர் இல்லாத நஜ்ஜார் வந்துட்டா!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள். தானியோஸ் தன் சொந்த ஒயினை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். போட்டியில் பரிசு வாங்கியது என்றார். எந்தப் போட்டி என்று அவர் மருமகன் கேட்டான். "என் மாமனாருக்கும் எனக்கும் நடந்த போட்டி" என்றார். நதீமை எல்லாரும் கேட்டார்கள், எப்ப தம்பி ஒரேயடியா வர்றே என்று. இந்த முறை அவன் கடவுளைக் கூப்பிடவில்லை. "மூணு வருஷத்துக்குப் போட்டிருக்கேன்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு யாரோ அவனுக்கு இன்னொரு துண்டு கறி வைத்தார்கள்.

நான்கு மணிக்கு, காபி முடிந்ததும், நான் இன்ஆமைச் சமையலறைக்குள் கூட்டிப்போனேன்.

"அந்த மலையைப் பாத்த அறை காலியாதானே இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"எனக்கு வேணும். ரெண்டு ராத்திரி. நஜ்ஜார் பேர்ல."

"உனக்கென்ன பைத்தியமா? மாடியில படுக்கை..."

"மாடிப் படுக்கை மஸ்ஸாத் வீட்டு மருமகளுக்கு. அவ இன்னிக்கே பெய்ரூத் போறா. அறையில நஜ்ஜார் தங்குவா. அவ வாடகை குடுப்பா. நீங்க அவகிட்ட எதுவும் கேக்கக் கூடாது. காலையில காபிக்குக்கூடக் கூப்பிடக் கூடாது."

இன்ஆம் ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு ராத்திரிக்கும் சேத்து முன்கூட்டியே குடுத்துடணும்" என்றாள். "விருந்தாளிங்களுக்கு அப்படித்தான் சட்டம்."

வெளியே வந்து நதீமிடம் சொன்னேன். காரின் அருகில் நின்றிருந்தான்.

"அப்ப நானு?"

"நீ அத்தையை வீட்டுல கொண்டுபோய் விடணும். நீ முடிவெடுக்கறப்போ நான் கூட இல்ல. நான் எடுக்கறப்போ நீயும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை வர்றேன். திங்கக்கிழமைதானே விமானம்? வந்து சொல்றேன்."

"என்ன சொல்லப்போறே?"

"தெரியாமத்தானே தங்கறேன்."

மாமியார் எதுவும் கேட்காமல் முன்சீட்டில் ஏறினாள். கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "மிச்சக் கிப்பே அறையில இருக்கு. ஃபிரிட்ஜுல வச்சுக்கோ" என்றாள். எப்போது கொண்டுபோய் வைத்தாள் என்று தெரியவில்லை.

அறை வாசலில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக். ஒன்றில் உட்கார்ந்தேன், இன்னொன்றில் கால் நீட்டினேன். சனிக்கிழமை காலை சதுப்பு நிலம் வரை நடந்தேன். நாணல் ஓரத்தில் எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் நின்றன. பத்து மணி வாக்கில் நாரைகள் வந்தன. நான் ஐநூறு வரை எண்ணி விட்டுவிட்டேன். அவை சிறகை அடிக்கவே இல்லை. வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, தெற்கே வழுக்கிப் போயின. போகிறவை, வருகிறவை என்று அவற்றுக்காவது ஒரு மாதக் கணக்கு இருக்கிறது. எனக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று தோன்றியது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து யோசித்து முடித்தேன். ஒரு வருடம். அடுத்த செப்டம்பர் வரை. அதற்குள் அவன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், இல்லை என்றால் நான் இந்தக் கல்யாணத்தை விட்டுவிடுவேன். இதை அழாமல் சொல்ல முடியுமா என்று எருமைகளைப் பார்த்து இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். முடிந்தது.

அறைக்குத் திரும்பிக் கிப்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இன்ஆம். கூப்பிடவே கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"மன்னிச்சுக்கோ" என்றாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். "விருந்தாளிக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுதான். ஆனா கேட்டுல ஒருத்தன் நிக்கிறான். பெய்ரூத்திலிருந்து வாடகைக் கார்ல வந்திருக்கான். அறை வேணுமாம். போனைக்கூட அணைச்சு வச்சிருக்கான்."

"யாராம்?"

"பேரு கேட்டேன். நஜ்ஜார்ன்னான். எந்த ஊர் நஜ்ஜார்ன்னேன். ஊர் இல்லைன்னுட்டான். அப்பா பேரையும் கேட்டுப் பாத்தேன், வாயே திறக்கல. அவங்க அம்மாவுக்குக்கூட இங்க வந்தது தெரியாதாம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திராட்சை வரிசைகளுக்கு அப்பால், கேட்டுக்கு வெளியே, ஒரு பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நதீம் நின்றான். சட்டை கசங்கியிருந்தது. இங்கிருந்து அவன் முகம் தெரியவில்லை.

"என்ன சொல்லட்டும்?" என்றாள் இன்ஆம்.

நான் எழுந்து போய், கால் நீட்டியிருந்த நாற்காலியைத் துடைத்தேன்.

"உள்ள விடுங்க. வாடகை வாங்கிடுங்க."